கூடைத் தொப்பிச் சட்டம்

வருஷக் கடைசியில வீட்டைக் கழுவுறதுல இருந்து இந்தத் தடவையாவது தப்பிச்சுடணும். மொரிகாஸுவோட தீர்மானம் இது ஒண்ணுதான். வயசு அம்பத்தெட்டு. முப்பது டிசம்பரா காகிதக் கதவுல பழசைக் கிழிச்சுப் புதுசு ஒட்டி, முதுகு கேள்விக்குறியாவே ஆயிடுச்சு.

அதுக்காகத்தான், சாதகம் பண்றேன்னு சாக்குச் சொல்லலாமேன்னு, ஷாகுஹாச்சி கத்துக்கப் போனார். மூங்கில் குழல், அஞ்சு ஓட்டை. அஞ்சையும் மூடி ஊதினா வர்ற சுரத்துக்கு 'ரோ'ன்னு பேரு. எட்டு மாசமா ஊதறார். காத்து வருது. 'ரோ' வரல.

ஆனா சரித்திரம் நல்லா வந்துச்சு. அந்தக் காலத்துல முகம் மொத்தமும் மறையற கூடைத் தொப்பி போட்டு, இந்தக் குழலை ஊதிக்கிட்டே திரிஞ்ச துறவிங்க உண்டு. தொப்பிக்குப் பேரு தெங்காய். (உடைக்கிற சாமான் இல்ல.) ஒண்ணு வாங்கிட்டு வந்தார்.

"என்னங்க, தலையில பூனைக்கூடை?" பொண்டாட்டி சுமியே கேட்டா.

"புத்தகத்துல நாப்பத்தேழாம் பக்கம் இருக்கு. இதைப் போட்டவனை அதிகாரியே வந்தாலும் தடுக்கக் கூடாது. பேச்சுக் கொடுக்கக் கூடாது. தொப்பியைத் தூக்கவே கூடாது. அந்தக் காலத்துல நாட்டையே ஆண்ட ஷோகன் தளபதியோட ஆணை!"

"குப்பையை வெளிய வைக்கச் சொல்லலாமா?"

"பேசவே கூடாதுங்கறேன்!"

"உள்ள சத்தத்தையே காணோமே?"

"அது 'மா'. ரெண்டு சுரத்துக்கு நடுவுல இருக்கிற மௌனம்."

"நீங்க இன்னும் முதல் சுரமே ஊதலையே."

அதுல இருந்து ஞாயித்துக்கிழமை ஆனா தொப்பிக்குள்ள தூக்கம். ஒருநாள் மௌனம் குறட்டை விட்டுச்சு. சுமியே பக்கத்துல வந்து நின்னா. "அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் கொடுங்க"ன்னா.

"படி, படி"ன்னு பெருமையா நீட்டினார்.

டிசம்பர் இருபத்தெட்டு. காலையில தொப்பியைத் தேடிக்கிட்டு வந்தவர் அப்படியே நின்னுட்டார். சுவரைப் பாத்து உக்காந்திருந்துச்சு ஒரு உருவம். சுமியேவோட நீல உடுப்பு. மடியில குழல். தலையில தெங்காய்.

"அடியே, விளையாடாத. காகிதக் கதவு எட்டு கிடக்கு."

மா.

"சமையக்கட்டு விசிறியில ஒரு வருஷத்து எண்ணெய்!"

மா.

தொப்பி வரைக்கும் கை போச்சு. நின்னுச்சு. தூக்கினா சட்டம் போச்சு. சட்டம் போனா ஞாயித்துக்கிழமைத் தூக்கம் மொத்தமும் போச்சு. கையை இழுத்துக்கிட்டார்.

கிழிச்சார். பசை காய்ச்சினார். ஒட்டினார். விசிறியைக் கழட்டினார், தேய்ச்சார், திரும்ப மாட்டினார். ஒரு திருகாணி மிச்சம் வந்துச்சு. பயந்து பாக்கெட்டுல போட்டுக்கிட்டார். மத்தியானம் "சோறு ஏதாவது..."ன்னு இழுத்தார். மா. கப் நூடுல்ஸை நின்னுக்கிட்டே தின்னார்.

சாயங்காலம் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வந்து பின்னாடி சரிஞ்சார்.

"சுமியே, எல்லாம் முடிஞ்சுது. 'பரவாயில்ல, நல்லா இருக்கு'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லும்மா."

தோளை லேசாத் தொட்டார். தோள் சாஞ்சுது. தொப்பி உருண்டுச்சு. உள்ள சுருட்டின மெத்தை, மேல ஒரு தலையணை. தலையணையில ஒரு சீட்டு.

"பக்கத்து வீட்டு நகாதோமி அக்கா கூட வெந்நீர் ஊத்துக்குப் போறேன், நாளன்னைக்கு வருவேன். குளியலறையில கறுப்பாப் பூஞ்சை படிஞ்சிருக்கு, தேய்ச்சு வைங்க. அப்புறம், நாப்பத்தெட்டாம் பக்கத்தையும் படிச்சிருக்கலாம். அந்த ஆணையே துறவிங்க தாங்களா எழுதிக்கிட்ட பொய்ப் பத்திரமாம். காலையிலேயே தொப்பியைத் தூக்கியிருக்கலாம் நீங்க."