பன்றிக்கொழுப்பு வெண்ணெயொடு பொருத படலம்

மாவளந்த கையனே, வாழி! உருட்டுக்கட்டை ஓச்சும் திண்தோளனே, வாழி! முப்பது தட்டு ரொட்டியை ஒரே மூச்சில் அடுப்பேற்றும் அனலஞ்சா நெஞ்சனே, முன்வழுக்கையில் மாவுத்தூளே மணிமுடியெனத் துலங்க நிற்பவனே, பன்றிக்கொழுப்பின் பெரும்படைத் தலைவனே, நீ நீடு வாழி! நாவில் உறையும் சொல்லரசியே, நீயும் சற்று அருகே வா. கால் கிலோ வீரத்தை நான் ஒரு கிலோ என்று அளந்தால் கண்டுகொள்ளாமல் இரு.

தெருமுனை பேக்கரிக்கு அதிபதியாகிய நம் வீரர், சுட்ட ரொட்டியால் சுற்றுவட்டாரம் முழுவதையும் வென்றவர். ஆயினும் ஒரே ஒரு கோட்டை மட்டும் அவர் கைக்கு எட்டவில்லை. அது அவருடைய மாமியாரின் வாய். பத்தொன்பது ஆண்டுகளாக மருமகன் சுட்டதையெல்லாம் தவறாமல் தின்ற அந்த வாயிலிருந்து "நல்லாருக்கு" என்று ஒரு சொல் உதிர்ந்ததில்லை. தின்று முடித்து, விரல் துடைத்து, "ம்" என்பார் அந்த அம்மையார். கூரம்பு பட்டாலும் ஆறிவிடும். இந்த "ம்" பட்ட புண் ஆறவில்லை. அதில் நம் வீரருக்கு உண்மையாகவே வருத்தம்.

இவ்வாறிருக்க, அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாள் வந்தது. ஆப்பிள் பை சுடுவது என்று முடிவாயிற்று. கீழே மாவு, மேலே மாவு, நடுவே ஆப்பிள், பண்டம் அவ்வளவுதான். ஆனால் அந்த மாவை எந்தக் கொழுப்பில் பிசைவது என்பதில் மூண்டது பெரும்போர். எதிரே வந்து நின்றவனோ வேறு யாருமல்லன், அம்மையாரின் ஒரே மகன், நம் வீரரின் மைத்துனன், அதே பேக்கரியில் கேக் மேசையை ஆளும் கோமான், வெளிர்மஞ்சள் வெண்ணெய்க்கொடி உயர்த்திய வேந்தன்.

"அத்தான், கேட்டுக்கோங்க!" என்று முழங்கினான் அவன். "வெண்ணெய் வாசனை தெருக்கோடி வரைக்கும் போகும். உங்க பன்னிக்கொழுப்புக்கு ஏது வாசனை? எங்கம்மா இன்னைக்கு நல்லாருக்குன்னு சொன்னா அது நான் சுட்டதுக்குத்தான்!"

"போடா, வெண்ணெய்வெட்டிச் சிப்பாய்!" என்று கர்ஜித்தார் நம் வீரர். "இந்த அடுப்புச் சூட்டுல உன் வெண்ணெய் கையிலயே உருகி ஓடும். மாவு அடுக்கடுக்கா, மொறுமொறுன்னு எழும்பணும்னா கொழுப்பு வேணும். அது எனக்கு நிறையவே இருக்கு!"

தொடங்கிற்று சமர். இரு மேசைகளிலும் மாவு மேகமென எழுந்து கண்ணை மறைக்க, உருட்டுக்கட்டைகள் இடியென உருள, குளிர்நீர் தெளித்துப் பதம் பார்க்கும் விரல்களும் விளிம்பு மடிக்கும் விரல்களும் மின்னலெனப் பாய, உப்பு டப்பா கவிழ்ந்து களத்தில் வீழ, ரொட்டி வாங்க வந்த தையற்காரர் இதைக் கண்டு நடுங்கி, மீதிச் சில்லறையும் கேளாமல் புறமுதுகிட்டு ஓடினார்.

இச்சமரில், மாவில் கொழுப்பு சேர்க்கும் வேளையிலேயே நம் வீரரின் இரும்பு நெஞ்சில் ஒரு சிறு துரு. மொறுமொறுப்பு சரி, வாசனைக்கு எங்கே போவது? மாமியாரின் மூக்கோ பக்கத்துத் தெருவில் பால் பொங்கினால் இங்கிருந்தே சொல்லும் மூக்கு. மைத்துனன் அடுப்பைப் பார்க்கத் திரும்பிய நொடியில், மலை பெயர்த்தாலும் நடுங்காத அந்தக் கை குளிர்பெட்டிக்குள் திருட்டுப் பூனைபோல் நுழைந்தது. மாவுக்கென அளந்த கொழுப்பில் பாதியை நீக்கி, அந்த இடத்தில் பகைவனின் வெண்ணெயை வைத்தது. போரில் இதெல்லாம் சகஜம் என்று தமக்குத்தாமே தீர்ப்பும் எழுதிக்கொண்டார்.

வெந்து வெளிவந்தன இரண்டும். ஒரே பொன்னிறம், ஒரே உயரம், ஒரே வாசனை, எண்ணி வைத்தாற்போல் ஒரே அடுக்கு. மாவீரர் இருவரும் ஒருவர் தட்டை ஒருவர் எட்டிப் பார்த்தனர். நம் வீரர் மெல்லத் தம் கொழுப்பு வாளியைத் திறந்து பார்த்தார். அவர் எடுத்ததைவிட ஆழமாக இருந்தது பள்ளம்.

"டேய், என் வாளியில கைவச்சியா?"

"அடுக்கு எழும்பாதோன்னு பயமா இருந்துச்சு அத்தான். பாதிதான் போட்டேன்." மைத்துனன் மூக்கை நீட்டி மோப்பம் பிடித்தான். "ஆமா, உங்களதுல எப்படி வெண்ணெய் மணக்குது?"

"வாயை மூடு. அம்மாகிட்ட மூச்சு விடாத."

அவ்வாறே சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. ஆயினும் "நல்லாருக்கு" என்னும் சொல்லைப் பெறப்போகிறவர் யார் என்னும் வழக்கு தீரவில்லை. ஆளுக்கொரு தட்டேந்தி, தோளோடு தோள் இடித்து, கதவு நிலையில் இருவரும் சிக்கி, ஒருவாறு விடுபட்டு, மாடி வீட்டில் நாற்காலியில் கொலுவிருந்த அம்மையாரின் திருமுன் சென்று வைத்தனர்.

அம்மையார் கரண்டி எடுத்தார். அண்டம் அசைவற்று நின்றது. முதல் தட்டிலும் உண்டார், இரண்டாம் தட்டிலும் உண்டார், விரல் துடைத்தார். பத்தொன்பது ஆண்டுத் தவத்தோடு நம் வீரர் ஓரடி முன்னே சாய்ந்தார்.

"நல்லாருக்கு."

"எது அத்தை?" என்றார் வீரர். "எதும்மா?" என்றான் வேந்தன்.

"ரெண்டும்தான் மாப்பிள்ளை. உள்ள இருக்கிற ஆப்பிள் அவ்ளோ ருசி!" என்ற அம்மையார், தட்டோரம் தோண்டி ஒதுக்கியிருந்த பொன்னிற மாவு முழுவதையும் கரண்டியால் அப்பால் தள்ளினார். "இந்த மாவுதான் என் பல்லுக்கு ஆகாது."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அது இங்கே கொழுப்புக்கும் சேர்த்தே உடைந்தது. ஐயகோ, வானமே! ஐயகோ, அடுப்பே! இரு பெரும் படைகளும் ஒருங்கே மடிந்த அந்தக் களத்தில், வெற்றித் திருமகள் மாலை சூட்டிய அந்த ஒப்பற்ற ஆப்பிளை ஆக்கியளித்த அருங்கரம்தான் எது?

ஆப்பிள் டப்பாவில் வாங்கியது.