வளைந்த எழுத்தும் வந்த சம்பந்தியும்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, திருப்பதியில் சம்பத்குமாரின் டிடிபி கடையில் 'நீரஜா' எழுத்துருவைக் கண்டுபிடித்தது.

மகள் பெயரைத் தாங்கிய அந்தத் தெலுங்கு எழுத்துரு பேரழகு. ஒவ்வொரு எழுத்தின் தலைமேல் உள்ள கீற்றும் கொடியாகச் சுருண்டு, பக்கத்து எழுத்தின் இடுப்பைச் சுற்றிக்கொள்ளும். எது எந்த எழுத்து என்று கேட்பவர்கள் ரசனை இல்லாதவர்கள். கல்யாணப் பத்திரிகையில் தொடங்கி மருந்துக்கடைப் பலகை வரை அது பரவியது. கடைசியில் 'நகர அழகுக் குழு' அதிகாரி விஷ்ணுவர்தனே தேடி வந்தார். அலிபிரி ரோட்டுத் திருப்பத்தில் குழாய்க்காகத் தோண்டிய பள்ளத்துக்கு எச்சரிக்கைப் பலகை வேண்டுமாம்.

சம்பத்குமார் உயிரைக் கொடுத்து வரைந்தார். பூ பார்டர், நடுவில் 'இங்கே பள்ளம்', பள்ளத்தைச் சுட்டி ஒரு அம்புக்குறி.

"சால பாகுந்தி, ரொம்ப அழகு! ஆனா, படிக்க வரலியே?" என்றார் அதிகாரி.

"பேப்பர்தான் சார் படிக்கறதுக்கு. போர்டு பாக்கறதுக்கு."

அதிகாரி இதைக் குறித்துக்கொண்டு ஒப்புதல் அளித்தார்.

அந்த ஞாயிறு நீரஜாவுக்கு ஒரு மண்டபத்தில் நிச்சயதார்த்தம். சித்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்தார்கள். திருப்பதியில் கல்யாணப் பலகையை யாரும் படிப்பதில்லை. சுழித்த எழுத்தும் பூ பார்டரும் கண்ணில் பட்டால் அம்புக்குறி காட்டும் பக்கம் வண்டியைத் திருப்புவதே மரபு. மாப்பிள்ளையின் அப்பா வேங்கடாசலம் மரபு தவறாதவர்.

"இதோ கீது மண்டபம், திருப்புப்பா!" என்றார்.

வேன் பள்ளத்தில் மூக்கைக் குத்தி நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. சீர்த்தட்டுகள்தான் சேற்றில் குளித்தன. வந்தவர்கள் அப்படியே திரும்பிப் போனார்கள். சம்பத்குமாருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மகள் வாழ்க்கை என்னாகுமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் சித்தூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வழவழப்பான அட்டை, முழுக்க 'நீரஜா' எழுத்து. அந்த ஊர் டிடிபி கடையிலும் இப்போது அதுதானாம்.

"வரலக்ஷ்மி! சம்பந்தி பத்திரிகையே அடிச்சி அனுப்பிட்டாருடி!"

அவர் மனைவி ஓடிவந்து நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்தின்கீழ் வைத்துக் கற்பூரம் காட்டினாள். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பத்து சொந்தக்காரர்களுக்கு போன் போனது.

மாலையில் கல்லூரியிலிருந்து வந்த நீரஜா அட்டையை எடுத்தாள். கடையில் அந்த எழுத்தில் டைப் அடித்தே வளர்ந்தவள். கண்ணை இடுக்கி, ஒவ்வொரு சுருளாகப் பிரித்து, நிதானமாகப் படித்தாள்:

"பள்ளத்துக்கும் பூ பார்டர் போடும் வீட்டில் பெண் எடுக்க எங்களுக்கு தைரியம் இல்லை."

சம்பத்குமார் அட்டையை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கண் கலங்கியது.

"வேணாம்னு சொல்றதக்கூட எவ்ளோ லட்சணமா சொல்லிக்கீறாங்க பாரும்மா!"

"ஆமா நைனா," என்றாள் நீரஜா. "நீ ஊருக்கே அப்பிடித்தான சொல்லிக் குடுத்த."