முதல் வாரம் மட்டும் படித்தவர்

2025 ஜூன் 14, சனிக்கிழமை. காலை 5.50க்கு எழுந்தேன். செடிகளுக்கு இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். 7.15க்கு ஆயர் ஈத்தாம் சந்தையில் ஒரு கட்டுக் கீரையும் அரை மூடித் தேங்காயும் வாங்கினேன். 8.40க்குத் துணி காயப்போட்டேன். பிற்பகல் 2 மணிக்கு என் பக்கத்து வீட்டுக்காரருக்கு, நான் ‘முதல் வாரம்’ என்று பெயர் வைத்திருப்பவருக்கு, கடைசிப் பரீட்சை.

பினாங்குத் தீவில் அவரைவிட அதிகமான பாடங்களை அவரைவிடக் குறைவாகப் படித்த மனிதர் கிடையாது. இதைப் பொறுப்போடுதான் எழுதுகிறேன். என் டைரியின்படி அவர் முப்பத்தொரு இணையவழிப் படிப்புகளில் சேர்ந்தார். அத்தனையிலும் முதல் வாரம் மட்டும் படித்தார். காரணம், முதல் வாரம் இலவசம்.

தொழிற்சாலை ஒன்றில் அவர் டெக்னீஷியன். இளவயதில் டிப்ளோமாவில் மூன்று பாடங்கள் மிச்சமிருக்கும்போது வேலை, கல்யாணம் என்று படிப்பு நின்றுவிட்டது. அந்த மூன்றை வீட்டிலிருந்தே முடிக்க, மலிவான இணையக் கல்லூரி ஒன்றைத் தேடத் தொடங்கினார். ஏழு வருடமாகத் தேடிக்கொண்டே இருந்தார்.

“ஏதாவது ஒண்ணுல சேந்துட வேண்டியதுதானே தம்பி?” என்று ஒருமுறை கேட்டேன்.

“என்னாண்ணே நீங்க! பாசார்ல ரம்புத்தான் வாங்குறப்ப ஒண்ணு உரிச்சு வாயில போட்டுப் பாக்குறோம்லா? படிப்ப மட்டும் பாக்காம வாங்கணுமா?”

“ஒண்ணு உரிக்கலாம். நீ முப்பத்தொண்ணு உரிச்சிட்டே.”

“கடைக்காரன் ஒண்ணும் சொல்லலியே!”

படித்ததைத் தனக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. வியாபாரப் படிப்பில் சேர்ந்த வாரம், கீழே பிசாங் கோரேங், அதாவது வாழைப்பழப் பஜ்ஜி, விற்கும் அக்காவிடம் போய் நின்றார்.

“அக்கா, உங்க வாடிக்கைக்காரங்க யாருன்னு மொதல்ல முடிவு பண்ணணும்.”

“பசிக்கிறவங்கதான்.”

“அங்கதான் தப்பு பண்றீங்க.”

“அப்ப எது சரி?”

“அது ரெண்டாவது வாரத்துல வரும்கா.”

“அப்ப ரெண்டாவது வாரம் வாங்க. இப்ப தள்ளி நில்லுங்க, பின்னால ஆள் நிக்கிது.”

இன்னொரு நாள் தேங்காய் உடைக்கும்போது என் கட்டைவிரலில் கத்தி பட்டுவிட்டது. அது அவருடைய முதலுதவி வாரம். ஓடி வந்தார். “கைய நெஞ்சுக்கு மேல தூக்குங்கண்ணே!” என்றார். தூக்கினேன். “அப்புறம்?” என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. கையைத் தூக்கியபடியே ஒன்பது மாடி லிப்டில் இறங்கி, கிளினிக்கில் பத்தொன்பது நிமிடம் காத்திருந்தேன். அங்கிருந்தவர்கள் நான் ஏதோ கேள்வி கேட்க வந்திருப்பதாக நினைத்தார்கள்.

இந்த முதல் வார விளையாட்டு போன வருடக் கடைசியில் முடிந்தது. அவர் வேலை கற்றுக்கொடுத்த இருவர் அதற்குள் அவருக்கே சூப்பர்வைசராக வந்துவிட்டார்கள். மூன்றாவது இடம் காலியாகப் போகிறது, டிப்ளோமா இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம் என்று தொழிற்சாலையில் சொல்லிவிட்டார்கள். பழைய மதிப்பெண்களும் இந்த வருடம் வரைக்கும்தான் செல்லுமாம்.

அவர் மனைவி சாந்தா என் முன்னாலேயே கேட்டாள். “ஏங்க, நம்ம கல்யாணத்துலயும் உங்களுக்கு மொத வாரம்தான் நல்லா இருந்துச்சு. இதையாச்சும் முழுசா முடிப்பீங்களா?”

மறுநாளே பணம் கட்டிச் சேர்ந்துவிட்டார். இரண்டாவது வாரத்துப் பாடம் திறந்த அன்று என் கதவைத் தட்டி, “அண்ணே, இதுக்கு அப்புறமும் நெறைய இருக்குண்ணே!” என்றார். கடலை முதல்முறை பார்த்தவர் போல இருந்தது அவர் முகம்.

இரண்டு பாடங்களில் தேறினார். மிச்சமிருந்தது தரக் கட்டுப்பாடு. வீட்டிலேயே கணினிக் கேமராவின் முன் அமர்ந்து எழுத வேண்டிய பரீட்சை. வேறு குரல் கேட்கக்கூடாது, வேறு முகம் தெரியக்கூடாது. தெரிந்தால் பரீட்சை நின்றுவிடும்.

“ஒங்க டைரியத் தாங்கண்ணே” என்று வந்தார். எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு என்ன சத்தம் வரும் என்பது அதில் இருக்கிறது. மேல்மாடியில் துளை போடுவது காலை 10 முதல் 12.30 வரை. எதிர்வீட்டுச் சீன அம்மா கரோக்கே பாடுவது மாலை 4.30க்கு. ஆகவே சனிக்கிழமை 2 முதல் 4 வரை என்று நானே குறித்துக் கொடுத்தேன். காவலுக்கு நானே நிற்பதாகவும் சொல்லி, அதற்கு ஓர் அட்டவணை போட்டேன். சாந்தா கெலுகோரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

2 மணிக்குப் பரீட்சை தொடங்கியது. அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒரு சத்தமும் இல்லை. 3 மணி ஆனது. என் அட்டவணையில் அந்த நேரத்துக்கு நேராக, என் கையெழுத்திலேயே, ‘3.00: சரிபார்ப்பு’ என்று இருந்தது.

எழுதி வைத்ததைச் செய்யாமல் விட்டு எனக்குப் பழக்கமில்லை. கதவை மெல்லத் திறந்து தலையை உள்ளே நீட்டி, கட்டைவிரலை உயர்த்தி, எல்லாம் சரியா என்று சைகையில் கேட்டேன்.

அவர் திரும்பவில்லை. கணினித் திரையில் அவர் முகத்துக்குப் பின்னால் என் முகமும் என் கட்டைவிரலும் தெரிந்தன. அடுத்த நொடி திரை சிவப்பாகிவிட்டது.

“அலாமாக், போச்சே” என்றார், மிக மெதுவாக.

3.20க்குக் கல்லூரியிலிருந்து ஒரு மலாய்ப் பெண் அதிகாரி வீடியோவில் வந்தார். விடை சொல்லிக்கொடுக்க வந்தீர்களா என்று என்னைக் கேட்டார். இல்லை, சத்தம் வருகிறதா என்று பார்க்க வந்தேன் என்று மலாயில் சொல்லி, அட்டவணையையும் டைரியையும் கேமராவில் காட்டினேன். பக்கம் பக்கமாகத் திருப்பச் சொன்னார். கரோக்கே பக்கத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தினமும் எழுதுகிறீர்களா என்றார். பத்தொன்பது வருடமாக என்றேன். சிறிது நேரம் யாருடனோ பேசிவிட்டு வந்து முடிவைச் சொன்னார். நாளை காலை 8 மணிக்குப் புதிய கேள்வித்தாள். இன்னொரு முறை வேறு முகமோ சத்தமோ வந்தால் அத்தோடு சரி.

நான் தலை நிமிரவில்லை. அவர்தான் என் தோளில் கைவைத்தார்.

“விடுங்கண்ணே. என் பரீட்சைய என்னையவிட நீங்க சீரியஸா எடுத்துக்கிட்டீங்க. ஆனா நாளைக்கி மட்டும் செக் பண்ணாதீங்க, ப்ளீஸ்லா.”

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. தேறிவிட்டார். அது வேறொரு பக்கம். அந்தச் சனிக்கிழமை நான் படுக்கப்போகும் முன் ஞாயிற்றுக்கிழமைச் சத்தங்களைப் புரட்டினேன். ஒன்றே ஒன்றுதான் இடித்தது: 8.10, ரொட்டிக்காரர், மோட்டார் சைக்கிள், பத்து நிமிடம் ஹார்ன்.

மறுநாள் காலை முதல் வேலையாகச் சாலை முனைக்குப் போய் நின்று, ரொட்டிக்காரரை மறித்து, அவரிடமிருந்த இருபத்திரண்டு ரொட்டிகளையும் வாங்கிக்கொண்டு அவரைத் திருப்பி அனுப்பினேன். எனக்குச் சர்க்கரை வியாதி. நான் ரொட்டி சாப்பிடுவதில்லை.