அமெரிக்கப் பாடத்துக்கு ஐந்து பேர்

மணி இரண்டரை. நாலு மணிக்குள் ஐந்து பேர் வேண்டும். டென்சிலிடம் ஒருவர்கூட இல்லை.

1946ஆம் வருஷம், ஜூலை மாதம். போர் முடிந்து அமெரிக்கச் சிப்பாய்கள் பெங்களூரை விட்டுப் போயே போய்விட்டார்கள். அவர்களைப் பற்றி ஒரு துணைப்பாடம் வைக்கவேண்டும் என்ற யோசனை மட்டும் அந்தக் கண்டோன்மென்ட் கல்லூரியில் தங்கிவிட்டது. ‘அமெரிக்கப் பண்பாடும் சமூகமும்.’ சரித்திரம் கொஞ்சம், இலக்கியம் கொஞ்சம், பொருளாதாரம் கொஞ்சம். மூன்று துறைகளும் சேர்ந்து நடத்துவதாகத்தான் பேச்சு. மூன்று துறைகள் சேர்ந்தால் என்ன நடக்கும்? ஆளுக்கு ஒரு பக்கம் நழுவி, புதிதாக வந்த தற்காலிக இங்கிலீஷ் வாத்தியார் டென்சில் தலையில் கட்டிவிட்டார்கள். சாயங்கால வகுப்பு, யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று நோட்டீஸ் ஒட்டியும் ஈ காக்காய் எட்டிப் பார்க்கவில்லை.

காலையில் பிரின்சிபால் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “நாலு மணிக்கு அஞ்சு கையெழுத்தோட ரிஜிஸ்டர் என் மேஜைக்கு வரணும். இல்லேன்னா பாடமும் கிடையாது, உங்க வேலையும் கிடையாது. இன்னொண்ணு, யுனிவர்சிட்டி இன்ஸ்பெக்டர் எப்ப வேணா வந்து நிப்பாராம். ஜாக்கிரதை.”

வேலை போனால் ஜூடித்தும் போனாள். அவளுடைய அப்பா, ஆஸ்டின் டவுன் அலெக்சாண்டர், முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்: “வேலை நிலைச்சா ஞாயித்துக்கிழமை கோயில்ல பாதிரியார்கிட்டே சொல்லி உங்க கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொல்றேன் தம்பி. நிலைக்கலேன்னா, அல்சூர்ல ஒரு ரயில்வே மாப்பிள்ளை காத்திட்டிருக்கான்.” இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

தாவரவியல் ஆராவமுதனிடம் ஓடினான்.

“சார், உங்க கிளாஸ்லேருந்து அஞ்சு பையன்களை அனுப்புங்க. ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். என் வாழ்க்கையே அதுல இருக்கு.”

“கையெழுத்தா? கேட்டா நாலு காத தூரம் ஓடுவான்கள் ஓய். வந்து உட்காரச் சொல்றேன். பேசி மயக்கறது உம்ம சாமர்த்தியம். எதாவது தின்னக் கொடுத்தா வருவான்கள்.”

“அமெரிக்கன் சாக்லேட் தரேன் சார்!”

அவனிடம் சாக்லேட்டே கிடையாது. அப்போது அதையெல்லாம் யார் யோசிக்கிறார்கள்?

ஐந்து பேரைக் கூப்பிட்டான். சாக்லேட் என்ற சொல் வராந்தாவில் பரவி, நாற்பத்திரண்டு பேர் வந்தார்கள். பெஞ்சு நிறைந்து, ஜன்னல் விளிம்பு நிறைந்து, இரண்டு பேர் அலமாரிமேல் ஏறிக்கொண்டார்கள். டென்சில் ரிஜிஸ்டரை நீட்டினான்.

“மொதல்ல சாக்லேட் சார்” என்றது நாற்பத்திரண்டு குரல்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒருவர் வந்து நின்றார். கறுப்புக் கோட்டு, தலையில் ஜரிகைப் பேட்டா, மூக்குக் கண்ணாடி, கக்கத்தில் ஃபைல். டென்சில் ரிஜிஸ்டரைச் சட்டென்று மூடினான். வந்தே விட்டாரே இன்ஸ்பெக்டர்!

“நமஸ்காரா. அமெரிக்கப் பாடம் இதே ரூம்தானே?”

“வாங்க சார், வாங்க! உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருக்கோம்!”

“என்னையா?” என்று அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். உட்கார இடமில்லை. “எத்தனை பேர் படிக்கிறாங்க?”

“நாப்பத்திரண்டு சார்!”

அவர் புருவத்தை உயர்த்தினார். முன்பெஞ்சுப் பையனிடம் குனிந்து, “ஏனப்பா, இன்னிக்கு என்ன பாடம்?” என்று கேட்டார்.

“புல் வகைகள் சார்.”

டென்சில் பாய்ந்தான். “அமெரிக்க விவசாயம் சார்! அங்கே புல்லு, புல்லுக்கப்புறம் மாடு, மாட்டுக்கப்புறம்தான் சமூகம்!”

அலமாரிமேல் இருந்தவன் சிரித்துக் கீழே விழுந்தான். வந்தவர் அதையும் பார்த்துக்கொண்டார். டென்சிலின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“வகுப்பு சாயங்காலம் மட்டும்தானே?”

மட்டும் என்கிறாரே! சோம்பேறிப் பாடம் என்று எழுதிவிடப் போகிறார். “சாயங்காலம் மட்டுமா? காலையில ஆறு மணிக்கு ஒண்ணு இருக்கு சார். ஞாயித்துக்கிழமைகூட விடறதில்லை.”

“அடேயப்பா! ஒரு நாள் வரமுடியாமப் போச்சுன்னா?”

“பேரை அடிச்சிடுவோம். தாட்சண்யமே கிடையாது!”

அவர் முகம் சுண்டியது. கண்டிப்பைக் கண்டு பிரமித்துவிட்டார் என்று டென்சிலுக்குத் தெம்பு வந்தது.

“இன்னும் ஆளு சேர்க்கிறீங்களா?”

ஆகா, இதுதான் பொறி! கடைசி நிமிஷத்தில் ஆள் பிடிக்கிறானா என்று ஆழம் பார்க்கிறார். டென்சில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். “மூச்சு விட இடமில்லை சார். ஜூன் மாசமே நிறைஞ்சிடுச்சு. யார் வந்து காலைப் பிடிச்சாலும் திருப்பி அனுப்பிடறோம்!”

அவர் ஃபைலை மெதுவாக மூடினார். “ரொம்ப சந்தோஷா. நல்லா நடத்துங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாக்லேட் இல்லை என்று தெரிந்ததும் நாற்பத்திரண்டு பேரும் கூச்சலிட்டுக்கொண்டு கலைந்தார்கள். ஒருவனும் பேனாவைத் தொடவில்லை. டென்சில் கவலைப்படவில்லை. யுனிவர்சிட்டியே வந்து கண்ணால் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. இனி பிரின்சிபால் வாயைத் திறக்கமுடியுமா? ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கும்போது எந்தச் சட்டை போடுவது என்றுகூட யோசித்துவிட்டான்.

மணி மூன்றே முக்கால். வெற்று ரிஜிஸ்டரோடு வெளியே வந்தவன், கேட்டிலிருந்து வந்துகொண்டிருந்த பியூன் மதலைமுத்துவைப் பிடித்தான்.

“மதலைமுத்து! இன்ஸ்பெக்டர் ஐயா திருப்தியாப் போனாரா?”

“எந்த இன்ஸ்பெக்டர் சார்? பேட்டா கட்டிட்டு வந்தாரே, அவரா? அவரு ஏதோ கம்பெனி ஹெட் கிளார்க்கு. ஆபீஸ் ஆளுங்க நாலு பேரைக் கூட்டிக்கிட்டு உங்க பாடத்துல சேரலாம்னு வந்தாராம், நீங்க எடமே இல்லேன்னுட்டீங்களாமே, இப்பத்தான் அஞ்சு பேரும் ஜட்கா ஏறிப் போறாங்க.”