முதலைக் கதையை வானொலியில் நிறுத்துவது தொடர்பாக

பெரியகல்லாறு,
புதன்கிழமை.

அன்புள்ள மகன் நிலோஜனுக்கு,

அப்பா சாமித்தம்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் சுகம். நீயும் அந்தப் பாலைவன முகாமில் சுகமாக இருக்கக் கண்ணகை அம்மன் துணை நிற்பாள். முகாமில் உங்களுக்குப் போன் தரமாட்டார்களாம் என்பதால் இதைத் தபாலில் அனுப்புகிறேன். ஆறுதலாக இருந்து வாசிக்கவும்.

லண்டனுக்குப் படிக்கப் போன நீ அந்த நாட்டுப் பட்டாளத்தில் சேர்ந்து, போன மாதம் சண்டை நடக்கிற இடத்துக்கு அனுப்பப்பட்டதும், என் மகன் போர்முனையில் நிற்கிறான் என்று ஊர் முழுக்க நான்தான் சொன்னேன். அம்மா வீடு வீடாகப் போய் மடிப்பிச்சை எடுத்து நேர்த்தி வைச்சா. அதுக்குப் பிறகுதான் இங்கிலிஷ் படிப்பிச்ச தங்கராசா மாஸ்டர் போனில தேடிப் பார்த்து, நீ அங்க துவக்குப் பிடிக்கயில்ல, படையாக்களுக்கு வானொலியில பாட்டுப் போட்டுச் சிரிப்புக் காட்டுறாய் எண்டு கண்டுபிடிச்சாரு. அதுவும் ஒரு உத்தியோகந்தானே எண்டு மனசைத் தேத்திக்கிட்டன். ஒவ்வொரு பின்னேரமும் அவர்ட வாசல்ல போனில அந்த வானொலியை வைச்சு, நீ சொல்லச் சொல்ல அவர் தமிழ்ல சொல்லுவாரு, பத்துப் பதினைஞ்சு பேர் இருந்து கேப்பாங்க. போன கிழமை நடுவில மாஸ்டர் நிப்பாட்டிட்டாரு.

"என்ன மாஸ்டர் சொல்றான்?" எண்டன்.

"ஒண்டுமில்ல சாமித்தம்பி. உங்களப் பத்தித்தான்."

ஆத்துல முதலையைக் கண்டு நான் கரையில நிண்ட கண்ணா மரத்துல ஏறி மத்தியானம் வரைக்கும் இருந்ததையும், நீ தோணியில வந்து பார்த்தா அது லொறி டயர் எண்டதையும் ஒரு பட்டாளத்துக்கே சொல்லியிருக்காய். அது டயர்தான், நான் மறுக்கயில்ல. ஆனா பாதி மூழ்கின டயர் தண்ணிக்குள்ள எப்படித் தெரியும் எண்டு அந்த வெள்ளைக்காரனுகளுக்கு விளங்கப்படுத்தினியா? அடுத்த நாள் குருக்கள்மடத்திலயிருந்து உனக்குப் பார்க்கிற பொம்பிளை கம்சாயினிட அப்பா சம்பந்தம் பேச வந்தாரு. உன்ட வீரத்தைக் காட்டுவம் எண்டு மாஸ்டர் போனைத் திறந்தா, படையாக்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க அதே கதையைத் திரும்பவும் சொல்றாய். அந்த மனுசன் தேத்தண்ணியைக் கீழ வைச்சிட்டு, "முன் டயரா, பின் டயரா?" எண்டு என்னட்டக் கேட்டாரு. யோசிச்சுச் சொல்றன் எண்டு போனவர், இன்னும் யோசிக்காரு.

ஆகவே இத்தால் அறியத்தருவது: இனி என் பெயரோ, நான் ஏறிய மரமோ வானொலியில் வரக்கூடாது. அதற்குப் பதிலாக இடைக்கிடை ஒரு வெடிச்சத்தம் போட்டால் குடும்பத்துக்கு மரியாதை. வெடிச்சத்தம் வேணாம், இஞ்ச கேட்டது போதும் எண்டு எழுதச் சொல்லி அம்மா பக்கத்தில நிக்கிறா. அதால அதை விடு.

வெயிலில் நிற்காதே. தலைக்கு எண்ணெய் வை. அம்மாளாச்சி உன்னையும், உன்னோடு இருக்கிற தாய்க்குப் பிறந்த எல்லாரையும் காக்கட்டும்.

கண்டிப்புடன்,
அப்பா.

பி.கு.: கடித உறையை ஒட்டாம வைச்சது நல்லதாப் போச்சு. வியாழனும் வெள்ளியும் உன்ட குரல் வரயில்ல, வெறும் பாட்டுத்தான் போச்சுது. இங்கிலிஷில ஒரு சொல் தெரியாத அம்மா, மாஸ்டர்ட போனைக் காதுல வைச்சபடி முடியும்வரைக்கும் இருந்தா. ரெண்டு நாளும் அடுப்பு மூட்டயில்ல. நானும் சோறு கேக்கயில்ல. இண்டைக்குச் சனிக்கிழமை நீ வந்து, தொண்டை கட்டியிருந்தது எண்டு சொன்னியாம். மேலே எழுதினது ஒண்டையும் கணக்கெடுக்காத. முதலையைச் சொல்லு. அது அலுத்தா, சித்தப்பாட கலியாணத்தில என்ட வேட்டிக்குள்ள நண்டு பூந்ததைச் சொல்லு. ஒவ்வொரு நாளும் ஏதாவது சொல்லு.

நண்டு ஒண்டில்ல, ரெண்டு.