யானைகளோடு நடுத்தெருவில் நின்ற மாப்பிள்ளை

கலியாணம் நிச்சயமான ஆம்பிளையின் மூளை சில நாள் விடுமுறையில் போய்விடும். என்னுடையது போனது போனதுதான்.

இரண்டாயிரங்களின் பின்பாதி. ஜெர்மனியை விட்டு நாடு திரும்பிய ஓர் அமெரிக்க இராணுவக்காரனிடம் பிக்கப் ஒன்று வாங்கியிருந்தேன். பெற்றோலும் குடிக்கும், எதனோல் என்ற சாராய எரிபொருளும் குடிக்கும் எஞ்சின். (எங்கள் ஊரான கெல்சென்கிர்ச்சனில் இதற்காகப் பெருமைப்பட்ட ஒரே ஆள் நான்தான்.) கழற்றிப் பூட்டும் மணவறையும் மாப்பிள்ளை நானும் அதில்தான் வந்து இறங்குவோம் என்று ஊர் முழுக்க அடித்துவிட்டிருந்தேன். கலியாணம் நெருங்கிய நேரம் பார்த்து எஞ்சின் மண்டையைப் போட்டது.

டயர் கடையில் வேலை செய்த தேவன் அண்ணைக்கு எல்லா வாகனமும் தெரியும் என்று அவரே சொல்லுவார். அதே ரகத்தில், பெற்றோல் மட்டும் குடிக்கும் எஞ்சின் ஒன்றை பழைய வாகனம் உடைக்கும் யார்ட்டில் கண்டுபிடித்தார். இரண்டு பேருமாகப் பழையதைக் கழற்றிப் புதியதை இறக்கினோம். அது பொருந்தி உட்கார்ந்ததும் சந்தோஷம் தாங்காமல் அவரைக் கட்டிப்பிடித்தேன். ஒயில் இருவருக்கும் சமமாகப் பங்கானது.

"ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி ஓடிப் பாப்பம்," என்றார்.

நான் விடவில்லை. முதல் ஸ்டார்ட் நல்ல நேரத்தில் அல்லவா இருக்க வேண்டும்! ஐயருக்குப் போன் அடித்தேன். கலியாணத்தன்று காலைதான் நல்ல நேரம் என்றார். (அவர் எனக்குச் சொன்னாரா, எஞ்சினுக்குச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.)

அன்று காலை மணவறையையும் அதன் இரண்டு றெஜிபோம் நுரை யானைகளையும் ஏற்றி, கற்பூரம் காட்டி, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, தலைப்பாகையோடு ஏறினேன். பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழன், பெண்ணின் தம்பி ரமணன். திறப்பைத் திருப்பியதும் எஞ்சின் உறுமியது. நான் அதைவிடப் பலமாக உறுமினேன்.

மண்டபத்துக்குப் போகும் ஏற்றத்தில் பிக்கப் இருமியது, குலுங்கியது, நின்றது.

மண்டபத்தில் நின்ற தேவன் அண்ணையைப் போனில் பிடித்தேன். எப்படி இருமியது என்று கேட்டுவிட்டுச் சொன்னார்.

"தம்பி, பழைய எஞ்சின்ரை இன்ஜெக்டரைப் புதுசுக்கு மாத்த மறந்திட்டம். அது பிஸ்கட் டின்னுக்கை கிடக்கு."

இன்ஜெக்டர்தான் எஞ்சினுக்குள் பெற்றோலைப் பீச்சும் மூக்கு; வாகனத்தின் கொம்பியூட்டர், எதனோலுக்கென்று செய்த பழைய பெரிய இன்ஜெக்டருக்குப் பழகியது. புதியவை சின்னன். பெற்றோல் காணாமல் எஞ்சின் பட்டினியில் படுத்துவிட்டது. ஒருநாள் தெருவைச் சுற்றியிருந்தால் தெரிந்திருக்கும்.

அடுத்த போன் மணப்பெண் சுமதி.

"முகூர்த்தம் முடியப்போகுது. எங்கை நிக்கிறியள்?"

"யானையளோடை நிக்கிறன்," என்றேன்.

போன் அடித்துக் கூப்பிட்ட, பழுதான வாகனம் ஏற்றும் லொறி வந்தது. ரமணன் என் தலைப்பாகையைக் காட்டி, கலியாணம் என்பதை ஜெர்மனில் 'ஹொக்சைட், ஹொக்சைட்' என்று சொல்லிக் கெஞ்ச, தாடிக்கார ஜெர்மன் சாரதி பிக்கப்பை யானைகளோடு ஏற்றிக்கொண்டு பறந்தார். மண்டப வாசலில் என் வேட்டி தடுக்காமல் கையைப் பிடித்து இறக்கியதும் அவர்தான். மாப்பிள்ளையோடு வந்தவரை விடலாமா என்று மாமிமார் அவருக்கும் சேர்த்து ஆலாத்தி எடுத்துப் பொட்டு வைத்தார்கள். சனம் முழுக்கக் கைகொடுத்து மணவறையை நிமிர்த்தியது. முகூர்த்தத்தின் கடைசி நிமிடங்களில் தாலி கட்டினேன். அப்படியொரு சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு வந்ததில்லை.

கலியாண அல்பத்தில் தோழனாக என் பக்கத்தில் நிற்பது அந்தச் சாரதிதான். ரமணனின் காது மட்டும் பின்னால் தெரிகிறது.

போன கிழமை புதுக் கார் எடுத்தோம். கோயிலுக்குக் கொண்டுபோக நாள் பார்த்துக்கொண்டிருந்தேன், திறப்பைக் காணவில்லை. சுமதி ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து அதை மேசையில் வைத்தாள்.

"ஏத்தத்திலையும் ஓடுது. இனி ஐயரைக் கேளுங்கோ."