மரக்கிளையில் மாமனாரின் பல்

அன்புள்ள சித்திக்கு,

இதைப் படிப்பதற்கு முன்னால் கதவைத் தாழ் போட்டுக்கொள். படித்த பிறகு யாரிடமும் காட்டாதே. மாப்பிள்ளையிடம்கூடக் காட்டாதே, முக்கியமாக மாப்பிள்ளையிடம். நாங்கள் மூவரும் நலம். நீயும் கல்யாணக் களையோடு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அந்தக் களையைக் கெடுக்கப்போவது நான்தான்.

உன் கல்யாணத்துக்கு வரும் வழியில், நடுக்காட்டில் எங்கள் பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. மெக்கானிக் காலையில்தான் வருவாராம். பயணிகள் எல்லோரையும் சாலையோர விடுதி ஒன்றில் தங்க வைத்திருக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் தூங்குகிறார்கள். நான் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். இங்கே போனில் சிக்னல் கிடையாது. விடியும்போது ஒரு பால் வண்டி உங்கள் பக்கம் கிளம்புகிறது. டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புவேன். நாங்கள் வருவதற்குள் உனக்கு விஷயம் தெரிந்தாக வேண்டும்.

விஷயம் இதுதான். உன் மாமனாராகப் போகிறவருக்கு அப்பா செய்த பல் செட் இப்போது ஒரு குரங்கிடம் இருக்கிறது.

மயங்கி விழுந்துவிடாதே, மேலே படி. அந்தப் பல் செட்டுக்காக அப்பா பட்ட பாடு உனக்குத் தெரியாது. ஒரு மாதமாக எங்கள் வீட்டுப் பின்னறையில் மெழுகு உருகும் வாசனைதான். சோறு சாப்பிடும்போதும் அப்பா பல்லைத்தான் அரத்தால் தேய்த்துக்கொண்டிருப்பார். சமையலறை டம்ளர் எல்லாவற்றிலும் பல் ஊறும். "எந்த டம்ளர்ல தண்ணி குடிக்கிறதுன்னே தெரியல, ஒவ்வொண்ணும் என்னைப் பாத்து இளிக்குது" என்று அம்மா புலம்புவாள். அப்பா அசரவே இல்லை. "சம்பந்தி சொன்னது மறந்துபோச்சா? பல்லில்லாம கல்யாணப் போட்டோல நிக்க மாட்டாராம், கல்யாணத்தையே தள்ளி வெச்சிடுவாராம். மாப்பிள்ளை கப்பலேறிட்டா திரும்பி வர ரெண்டு வருஷம். உன் தங்கச்சி அதுவரைக்கும் காத்திருப்பாளா?" என்றார். நீ காத்திருப்பாய், எனக்குத் தெரியும். ஆனால் அழுதுகொண்டே காத்திருப்பாய்.

பல் செட் இருந்த பெட்டியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். பஸ் நின்றதும் பெரியவர்கள் எல்லோரும் டிரைவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் பெட்டியோடு பின்பக்கம் போய் ஒரு பாறைமேல் உட்கார்ந்தேன். சித்தி, அந்த இடத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மழை அப்போதுதான் விட்டிருந்தது. குடை அளவு இலைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டு, விழவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. பனி மரங்களுக்கு நடுவே ஆளைப் போல நடந்து வந்தது. எனக்குத் தூங்காமலே கனவு வந்த மாதிரி இருந்தது. அந்த மயக்கத்தில்தான் பெட்டியைத் திறந்தேன். வீட்டில் செய்வதுபோல மேல்வரிசையை ஒரு கையிலும் கீழ்வரிசையை ஒரு கையிலும் பிடித்து, டக் டக்கென்று பேச வைத்தேன். "வாம்மா மருமகளே, காப்பி போடத் தெரியுமா?" என்று கேட்க வைத்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் எதிரே வரிசையாகக் குரங்குகள். பெண் வீட்டார் மாதிரி மடியில் குழந்தையோடு, வாய் பேசாமல், மரியாதையாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தன. நரைத்த முகத்தோடு ஒரு பெரிய குரங்கு மெதுவாக எழுந்து வந்து, நம் கையிலிருந்து யாராவது குழந்தையை வாங்கிக்கொள்வார்களே, அப்படி இரண்டு வரிசைப் பல்லையும் வாங்கிக்கொண்டது. நானும் கொடுத்துவிட்டேன், சித்தி! கூச்சல் போடவில்லை, ஓடவில்லை. பிறகு எல்லாமே பனிக்குள் போய்விட்டன.

பெட்டியில் பஞ்சு சுற்றிய இரண்டு கூழாங்கற்களைப் போட்டு மூடினேன். அப்பா வாங்கி ஆட்டிப் பார்த்துவிட்டு, "என் பொண்ணு பொறுப்பானவ" என்று கண்டக்டரிடம் பெருமையடித்தார். அந்த மனுஷர் சிரித்துக்கொண்டே, "பாத்து சார், இங்க கொரங்குங்க ஜாஸ்தி. பதிலுக்கு எதாச்சும் ஜன்னல்ல வெச்சாத்தான் எடுத்ததைத் திருப்பித் தரும், அதுவும் அதுங்களுக்கு மனசிருந்தா" என்றார். அதைக் கேட்டுத்தான் இந்த ஜன்னலில் என் ரிப்பனையும் அம்மாவின் பிஸ்கட் பாக்கெட்டையும் வைத்திருக்கிறேன்.

வெளியே நிலா. கிளையில் அந்த நரை முகம் தெரிகிறது. பல்லை நிலா வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது. ஒரு தடவை தன் வாய்க்கு நேராக வைத்து என்னைப் பார்த்துச் சிரித்தது. உன் மாமனார் சிரித்தால் இப்படித்தான் இருப்பார் என்று தோன்றியது. பயத்தில் பாதி உயிர் போய்விட்டது. ஆனால், நிஜமாகச் சொல்கிறேன், அழகாகத்தான் இருந்தது. அப்பா நல்ல வேலைக்காரர்.

சித்தி, நீ ஒரு உதவி செய்ய வேண்டும். கடிதம் கிடைத்ததும் உன் மாமனாரிடம் போய், "மாமா, கன்னம் ஒட்டியிருந்தாத்தான் உங்களுக்கு முகமே களையா இருக்கு" என்று சொல். சும்மா சொல்லக் கூடாது, அடிக்கடி சொல்ல வேண்டும். அவரே பல் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நான் பிழைத்தேன், உனக்கும் கல்யாணம் நடக்கும்.

அங்குள்ள பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் முத்தம், குரங்கைப் பற்றி யார் கேட்டாலும் உன் மௌனம்.

இப்படிக்கு,
உன் அக்கா மகள்
வாயாடி

பின்குறிப்பு: சித்தி! மேலே எழுதியதெல்லாம் நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்! அது வந்தது! கை மட்டும் ஜன்னல் கம்பிக்குள் நீண்டது; பல்லை வைத்துவிட்டு, ரிப்பனையும் பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் இருக்கின்றன. சோப்புப் போட்டுக் கழுவி, கூழாங்கல்லை எறிந்துவிட்டு, பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டேன். மாமனாரிடம் கன்னத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. ஒன்று மட்டும் புரியவில்லை. ஓரத்தில் ஒரு பல் தங்கமாக மின்னியது. பாறையில் இருந்தபோது நான் கவனிக்கவில்லை போலிருக்கிறது. அப்பா சம்பந்திக்கு ரகசியமாகத் தங்கம் வைத்திருக்கிறார், பார்த்தாயா, எவ்வளவு பெரிய மன

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். "வாயாடி, உள்ளயா இருக்கே? பக்கத்து ரூம் பெரியவர் ஜன்னலோரமா டம்ளர்ல வெச்சிருந்த பல்லைக் கொரங்கு தூக்கிட்டுப் போயிடுச்சாம், பாவம், வாசல்ல நின்னு புலம்புறார். நம்ம பெட்டியக் கொண்டா, எதுக்கும் திறந்து பாத்துடுவோம்" என்கிறார். சித்தி, தங்கப் ப